மண்டபத்தில் பேய்ப்படம்: இந்த முறை எதைப் போடுவது?

பினாங்கில், குளுகோரில் எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம் உண்டு. நிச்சயதார்த்தம், பிறந்தநாள், காரியச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில் வரும் ஒரு சனிக்கிழமை இரவு, அங்கே படம் போடுவோம். திரை, இரண்டாக மடித்துக் கட்டிய வெள்ளைப் படுக்கை விரிப்பு. புரொஜெக்டர் டியூஷன் வாத்தியாரிடம் இரவல். சத்தத்துக்கு மூன்றாம் மாடி அண்ணனின் கராவோக்கே பெட்டி. பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது. தலைக்கு மேல் இரண்டு காற்றாடி. ஒன்று சும்மா சுற்றும், மற்றது 'கடக் கடக்' என்று பேசிக்கொண்டே சுற்றும். கார் நிறுத்துமிடத்து வெளிச்சம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து விரிப்பின் இடது ஓரத்தை எப்போதும் வெளுப்பாகவே வைத்திருக்கும்.

காற்றாடியையும் விளக்கையும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயப்படம் பற்றிப் பேசுகிறவர்கள் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதைப் போடுகிற அறையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. போன வருஷம் நாற்பது பேர் முன்னால் நான் பட்ட பாடு அதனால் வந்ததுதான்.

இந்த வருஷமும் பையன்கள் கேட்பது பேய்ப்படம், அதுவும் "பழைய கிளாசிக்". தேர்ந்தெடுக்கிற பொறுப்பு மறுபடியும் என் தலையில். "போன தடவ கெடுத்தது நீங்கதானே அண்ணே, நீங்களே சரி பண்ணுங்க" என்று நாலாம் மாடித் தம்பி சொல்லிவிட்டான். வருகிறவர்களில் ஆகச் சின்னவளுக்கு 12 வயது. ஆகப் பெரியவர் என் பெரியம்மா, 76. இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நாற்காலி நுனிக்கு நகர்த்த வேண்டும். ஒரு மாதமாக இரவுகளில் பழைய படங்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் கையில் நின்றவை நாலைந்து. அதற்கு முன் அந்தத் தோல்விக் கதை.

போன வருஷம் நான் போட்டது 1963இல் வந்த 'தி ஹாண்டிங்'. ராபர்ட் வைஸ் எடுத்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்ற இரண்டு பாட்டுப் படங்களுக்கு நடுவில் மனுஷர் இப்படியொன்றைச் செய்திருக்கிறார். ஒரு பழைய மாளிகை, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு அங்கே தங்கப் போகும் நாலு பேர். பேய் கடைசிவரை கண்ணில் படாது. சுவரை இடிக்கும் சத்தம், மூச்சு வாங்குவதுபோல் உள்பக்கம் புடைக்கும் கதவு, அவ்வளவுதான். அதில் ஒரு கட்டம். அந்த நாலு பேரில் ஒருத்தியான எலினார் இருட்டில் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுக்கிறார்கள், பிறகு ஒரு குழந்தை அழுகிறது. பயத்தில் தோழியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடி இறுகுகிறது, வலிக்கிறது. பொறுக்க முடியாமல் கத்துகிறாள். விளக்கு எரிகிறது. தோழியோ அறையின் அந்தக் கோடியில், தன் கட்டிலில். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை?

எழுதும்போதே எனக்குப் பிடரி கூசுகிறது. மண்டபத்தில் நடந்தது வேறு. அந்த முணுமுணுப்பு 'கடக் கடக்'கில் கரைந்தது. குழந்தை அழுத இடத்தில் வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் கிளம்பியது. கை விஷயம் வந்தபோது பின் வரிசையில் யாரோ கெரோப்போக் அப்பளப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இருபதாவது நிமிஷத்திலேயே பாதி முகங்களில் கைப்பேசி வெளிச்சம். பெரியம்மா மட்டும் மரியாதைக்கு முக்கால் மணி நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏய்யா, பேய் எப்ப வரும்?"

"வராது பெரியம்மா."

"வராதுன்னா நம்ம எதுக்குடா உக்காந்திருக்கோம்?"

அன்றிரவு ஒரு மணிக்கு அதே படத்தை வீட்டில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். முடிந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போக வேண்டும். வழியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டே போனேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் படம் முதலில் நம்மை அரள வைக்கிறது, இருட்டுக்குள் மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். ஆனால் அரள்வதற்கு அமைதி வேண்டும். நாற்பது நாற்காலி, கராவோக்கே பெட்டி, அரிசி கெரோப்போக் இவற்றோடு அரள முடியாது. ஆகவே 'தி ஹாண்டிங்' இந்த வருஷமும் கிடையாது. தனியாக இருக்கிறவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன், அதுவும் மறுநாள் விடுமுறையாக இருந்தால்.

வைஸுக்கு இந்த வித்தை 1940களில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் வேலை பார்த்தபோது கைவந்தது. லூட்டனிடம் காசு குறைவு, ஆகவே பூதத்தைக் காட்டுவதைவிட நிழலைக் காட்டுவது மலிவு. அவர் தயாரித்து 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரோரமாக நடந்து போவாள். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். அது நின்றுவிடும். நின்றுவிட்டதுதான் பயம். அவள் வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், 'உஷ்ஷ்' என்று ஒரு சீறல். பாய்ந்து வந்து நிற்பது ஒரு பஸ். கொம்தாரில் பஸ்ஸுக்கு நின்றிருக்கும்போது பிரேக் காற்று காதுக்குப் பக்கத்தில் சீறித் தூக்கிவாரிப் போட்டிருக்கிறதா? அதேதான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்கும் இந்தத் தந்திரத்தை 'பஸ்' என்றே சொல்கிறார்கள்.

இப்போது வருகிற பேய்ப்படங்களில் முக்கால்வாசி இந்தப் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் நடையை விட்டுவிட்டன. 'டமார்' என்று சத்தம், ஒரு முகம், எல்லாரும் துள்ளி எழுவார்கள், உடனே சிரிப்பார்கள். சிரிப்பு வந்துவிட்டால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். பையன்கள் தந்த பட்டியல் முழுக்க இப்படிப் பஸ் ஸ்டாண்டாகத்தான் இருந்தது. மரியாதையாக மடித்து வைத்துவிட்டேன்.

திடுக்கிடலுக்கும் திகிலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் ஒரு மேசையை வைத்து விளக்கினார். நாலு பேர் மேசையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கீழே வெடிகுண்டு. நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷம் தவிப்பு. நம் வீணை எஸ்.பாலசந்தர் 1964இல் 'பொம்மை' எடுத்தபோது செய்ததும் இதையேதான். முதலாளியைக் கொல்வதற்காகப் பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள், பொம்மை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது, வைத்தவர்களும் நாமும் மட்டும் அதன் பின்னால் அலைகிறோம். 'நீயும் பொம்மை நானும் பொம்மை' பாட்டை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டு வந்த படத்தில் டிக் டிக் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

இதை நான் பெரியம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன், ஏதோ பெரிய கண்டுபிடிப்புபோல. அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எங்க தோட்டத்துல அந்தப் பொந்தியானாக் படம் போட்டாங்களே, அந்த மாரியா?" என்றார்.

பொந்தியானாக் என்பது பூ வாசத்தோடு வரும் மலாய்ப் பெண் பேய். பெரியம்மா வளர்ந்தது நிபோங் தெபால் பக்கத் தோட்டம். சம்பளம் போட்ட வாரத்தில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி, வண்டியில் கொண்டுவந்த மிஷினில் படம் ஓட்டுவார்களாம். முன்பக்கம் இடம் பிடிக்க முடியாத பிள்ளைகள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம்வலமாகப் பார்ப்பார்கள். பெரியம்மா பின்பக்கம். மலாய்ப் படம், ஆனால் யாருக்கும் புரியாமல் இல்லை. கதை இவ்வளவுதான் அவருக்கு நினைவு: அவலட்சணமான ஒரு பெண் மருந்து குடித்து அழகியாகிறாள், ஆனால் ஒரு கட்டுப்பாடு, மனுஷ ரத்தம் நாவில் படக் கூடாது. கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒருநாள் புருஷனைப் பாம்பு கடித்துவிடுகிறது. விஷத்தை உறிஞ்சி எடு என்று அவன் துடிக்கிறான்.

"அவ குனியிறா. லயத்துப் பொம்பளைங்க அத்தன பேரும் எழுந்து நின்னு கத்துறாங்க, 'வாய வைக்காதடி! அடியே வேணாம்டி!'ன்னு. எங்கம்மா மண்ண வாரித் துணிமேல எறிஞ்சிருச்சு. மிஷின்காரன் நிறுத்திட்டுத் திட்டுறான்."

அதற்குப் பிறகு பேய் எப்படி வந்தது, என்ன செய்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. குனிந்த தலை மட்டும் நிற்கிறது, அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக. ஹிட்ச்காக் மேசையை வைத்துச் சொன்னதை, துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிறுமி முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். அவர் சொல்வது 1957இல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ எடுத்த முதல் 'பொந்தியானாக்'. பி.என்.ராவ் இயக்கம், மரியா மெனாடோ நாயகி. அந்தப் படத்தின் பிரதி இன்றைக்கு எங்கேயும் இல்லை. தொலைந்துபோன படங்களில் ஒன்று. போடலாம் என்றாலும் போட முடியாது. அதன் தொடர்ச்சியாக 1958இல் அதே இயக்குநரும் அதே நாயகியும் செய்த 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்திருக்கிறது. அதைத்தான் பட்டியலில் சேர்த்தேன்.

அதன் பக்கத்தில் நியாயங்கள் நிறைய. முதல் நியாயம், மொழி. எங்கள் மண்டபத்தில் 12 வயசுக்காரியும் 76 வயசுக்காரரும் எழுத்துத் துணையில்லாமல் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் மொழி மலாய். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக்கும் ஒரு நாற்காலி போடலாம். இரண்டாவது, அந்தக் காலத்து மலாய்ப் பேய்ப்படங்களில் நம்மவர் கை இருக்கிறது. ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். எண்ணெய் பூசிய கள்வனைப் பற்றிய 'ஓராங் மினியாக்' படத்தை 1958இல் இயக்கிய எல்.கிருஷ்ணன் இதே பினாங்கில் வளர்ந்தவர். மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரம் பி.ரம்லி பிறந்ததும் இங்கேதான். அவரும் அதே வருஷம் 'சும்பா ஓராங் மினியாக்' எடுத்தார். ஒரே பூதத்துக்கு ஒரே வருஷத்தில் இவ்வளவு கிராக்கி. பிரிக்பீல்ட்ஸில் ஆகட்டும், லெபோ பாசாரில் ஆகட்டும், பழைய மலாய்ப் படம் என்றால் அது ஏதோ வேறு வீட்டுச் சொத்து என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் போட்டுப் பார்த்தேன், மனசு இடம் கொடுக்கவில்லை. பூதங்கள் வெளிச்சத்தில் முழுசாக நிற்கின்றன, வேஷத்தின் ஓரம் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அண்ணன் மகள் அன்போடுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். படம் பழசாகிவிட்டது. பேய் பழசாகவில்லை: அதே பிள்ளை, மாடிப்படியில் திடீரென்று சம்பங்கியோ செண்பகமோ வாசம் வந்தால் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுவாள்.

தமிழில் போடலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் ஆசைதான். 'அதே கண்கள்' 1967இல் ஏ.சி.திருலோகசந்தர் எடுத்தது, வண்ணம், வேதாவின் இசை, நாகேஷ், எல்லாம் உண்டு. கொலைகாரன் யார் என்று தெரியாதவரை ஜோர். தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால், முடிந்துபோன குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி இருக்கிறது. எங்கள் மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்களில் ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டார், அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை, மூன்றாம் மாடி.

'யார் நீ?' வேறு வகை. 1966, ஜெய்சங்கர், ஜெயலலிதா. இந்தியில் வந்த 'வோ கோன் தீ'யின் தமிழ். மழை இரவில் சாலையில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகிற மலைப்பாதையில் ராத்திரி கார் ஓட்டியவர்கள் சொல்லும் அதே பெண். இங்கே அவளுக்குப் பெயர் பொந்தியானாக், அங்கே பெயரில்லை. 'நானே வருவேன்' என்று சுசீலா குரல் எங்கிருந்தோ வரும்போது இன்றைக்கும் கேட்கிறவர் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் சூழ்ச்சி, ஆள்மாறாட்டம் என்று கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். கணக்குச் சொன்ன பேய் செத்த பேய். பாட்டு மட்டும் ஆவியாக அலைகிறது.

இந்த மூன்றில் என்னை உண்மையாகவே கலங்கடித்தது 1980இல் பாலு மகேந்திரா எடுத்த 'மூடுபனி'. இளையராஜாவுக்கு நூறாவது படம். 'என் இனிய பொன் நிலாவே' இல்லாத கல்யாண விருந்து நம் ஊரில் உண்டா? கராவோக்கே பெட்டிக்காரரின் சொந்தப் பாட்டே அதுதான். படத்தில் அதை கிட்டாரோடு பாடுவது ஒரு கொலைகாரன், கேட்டுக்கொண்டிருப்பது அவன் கடத்திவந்து வைத்திருக்கும் பெண். பிரதாப் போத்தன் முகத்தில் கொடூரம் ஒரு துளி இல்லை, தாயைத் தேடும் பிள்ளை முகம். ஷோபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மெட்டைக் கேட்டால், இனிமேல் எந்தக் கல்யாணத்தில் கேட்டாலும் கையில் இருக்கிற பிரியாணித் தட்டு கொஞ்சம் கனக்கும். ஆனால் பாலியல் தொழிலாளிகளைக் கொல்லும் கதையை 12 வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு போட முடியாது.

'மூடுபனி'யைத் தொட்டால் அதன் பாட்டனிடம் போய்த்தான் ஆக வேண்டும். 'சைக்கோ', 1960.

இதைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரியும்: குளியலறை, கத்தி, கீச்சிடும் வயலின். ஹிட்ச்காக் அந்தக் கட்டத்துக்கு இசையே வேண்டாம் என்றாராம்; பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் போட்டுக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும். ஏறத்தாழ 8 லட்சம் டாலரில், தன்னுடைய டி.வி. நிகழ்ச்சிக் குழுவை வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வடிகாலில் ஓடும் ரத்தம் சாக்லேட் பாகு. படம் ஆரம்பித்த பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு, ஏனென்றால் தாமதமாக வருகிறவர் நாயகியைத் தேடிக்கொண்டிருப்பார். அவள் முக்கால் மணி நேரத்தில் செத்துவிடுகிறாள்.

இதெல்லாம் தெரிந்த கதை. தெரிந்த கதை ஏன் இன்னும் பயமுறுத்துகிறது என்பதுதான் என் கேள்வி. இந்த ஒரு மாதத்தில் அதை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை குளியலறைக் கட்டத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் வருகிற சாப்பாட்டுக் கட்டத்தில்தான் உள்ளங்கை வேர்த்தது.

40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடிவருகிறாள் மரியான். மழை, வழி தப்பி ஒரு மோட்டலுக்கு வருகிறாள். மோட்டலை நடத்தும் நார்மன் சாவிப் பலகைக்குக் கையை நீட்டுகிறான், கை ஒரு கணம் தயங்குகிறது, பிறகு முதலாம் அறைச் சாவியை எடுக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது இது ஒன்றுமே இல்லை. எல்லாம் தெரிந்து பார்க்கும்போது, அந்தக் கையைப் பிடித்து வேறு சாவியில் வைத்துவிடலாமா என்றிருக்கிறது. பிறகு பின்னறையில் அவளுக்கு ரொட்டியும் பாலும் வைக்கிறான். சுவரெல்லாம் பஞ்சடைத்த பறவைகள்; ஓர் ஆந்தை சிறகை விரித்து அவன் தலைக்கு மேல் பாய்கிற மாதிரி நிற்கிறது. அவள் சாப்பிடுகிறாள், அவன் சாப்பிடவில்லை. பேச்சு அவன் அம்மாவைப் பற்றிப் போகிறது. அம்மாவை எங்கேயாவது பார்த்துக்கொள்கிற இடத்தில் சேர்க்கக் கூடாதா என்று அவள் மென்மையாகக் கேட்கிறாள். நம் ஊர் அத்தை கேட்கிற மாதிரிதான். அவன் முன்னால் சாய்கிறான். குரல் உயரவில்லை, முகம் மட்டும் மாறுகிறது. கூச்சப்படுகிற பையன் போய், வேறு யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு மறுபடியும் பையன்.

முதல் தடவை அது பாவப்பட்ட மகன். அடுத்த தடவை நமக்குத் தெரியும், மேசைக்கு அடியில் குண்டு வேறெங்கும் இல்லை, ரொட்டி வைத்துக் கொடுத்தவனுக்குள் இருக்கிறது. ரகசியம் தெரிந்த பிறகு 'அதே கண்கள்' அணைந்துபோகிறது. 'சைக்கோ' அப்போதுதான் பற்றிக்கொள்கிறது.

இன்னொரு குறும்பு. கொலைக்குப் பிறகு நார்மன் அறையைக் கழுவித் துடைக்கிறான். வாளி, துடைப்பம், பொறுமையாக, பேச்சே இல்லாமல். பிணத்தை வைத்த காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது, மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. என் மூச்சும் நின்றது. ஐயையோ மூழ்கவில்லையே என்று! யாருக்காகப் பதறுகிறேன்? இரண்டு நிமிஷம் முன்பு வரை அவள் பக்கம் இருந்தவன் நான். தோட்டத்துப் பெண்கள் மண்ணை வாரி எறிந்தார்கள். ஹிட்ச்காக் நம் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுகிறார்.

குறை சொல்லாமல் விட முடியாது. முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார், விளக்குகிறார், விளக்கிக்கொண்டே இருக்கிறார். 'யார் நீ?'யின் சூழ்ச்சிக் கணக்கு மாதிரியே. அதன் பிறகு போர்வை போர்த்திய நார்மனும் கையில் உட்காரும் ஈயும் வந்து படத்தைக் காப்பாற்றிவிடுகின்றன.

ஆக, படமாகப் பார்த்தால் எனக்கு முதலிடம் 'சைக்கோ'தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மண்டபத்தில்? பின்னறைப் பேச்சு தணிந்த குரல், காற்றாடி தின்றுவிடும். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கிற நிழல்களைக் கார் நிறுத்துமிட விளக்கு வெளுத்துவிடும். குளியலறைக் கட்டத்தில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கிற பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

'தி எக்ஸார்சிஸ்ட்' வேண்டாம் என்று உடனே முடிவாகிவிட்டது. அதில் காட்டாதது என்று எதுவும் இல்லை. 'ஏலியன்' 1979, அந்த ஜந்து மொத்தமாகத் திரையில் இருப்பது சில நிமிஷங்கள்தான், அருமை, ஆனால் கும்மிருட்டு இல்லாவிட்டால் அந்தப் படமே இல்லை. நம் விரிப்பில் அது வெறும் சாம்பல்.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோதுதான், பட்டப்பகலில் பயமுறுத்துகிற படம் ஒன்று இருக்கிறதே என்று உறைத்தது. 'ஜாஸ்', 1975.

இதைப் பேய்ப்படம் என்று பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "சுறா மீன்லா அண்ணே." சுறாதான். ஆனால் அந்தச் சுறா முழுசாக வெளியே வர ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது என்று தெரியுமா? ஸ்பீல்பெர்க் அதைத் தத்துவமாகச் செய்யவில்லை. செய்துவைத்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீர் பட்டதும் படுத்துவிட்டது. 55 நாளில் முடிக்க நினைத்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. மீன் இல்லை, படமோ எடுத்தாக வேண்டும். லூட்டனுக்குக் காசில்லாததால் நிழல், இவருக்கு மீன் வேலை செய்யாததால் தண்ணீர். ஆகவே கேமரா தண்ணீர் மட்டத்தில் மிதக்கிறது, சில நேரம் கீழிருந்து ஆட்களின் கால்களைப் பார்க்கிறது. மீனுக்குப் பதில் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள்.

அந்த இரண்டு சுரங்களை வைத்து நம்மை ஏமாற்றும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டமான கடற்கரையில் ஒரு துடுப்பு தெரிகிறது, அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், பார்த்தால் இரண்டு பையன்கள் அட்டைத் துடுப்பு கட்டிக்கொண்டு விளையாடியிருக்கிறார்கள். அப்போது பின்னணியில் அந்தச் சுரம் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. இசை வந்தால் மீன், வராவிட்டால் இல்லை என்று நம்மைப் பழக்குகிறது. நன்றாகப் பழகிய பிறகு, கடலுக்கு நடுவே ஊர்ப் போலீஸ் தலைவர் பிராடி வாயில் சிகரெட்டோடு முணுமுணுத்துக்கொண்டு தண்ணீரில் மீன்தீனி அள்ளிப் போடும்போது, எந்த இசையும் இல்லாமல் அது வருகிறது. மேசைக்கடியில் குண்டும் அதுதான், பஸ்ஸும் அதுதான்.

அதற்கும் முன்னால், கடற்கரையில் பிராடி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் கட்டம். குறுக்கே ஆட்கள் போகிறார்கள், அவன் பார்வையை மறைக்கிறார்கள், நம் பார்வையையும். ஒருவர் வந்து தன் சில்லறைப் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மஞ்சள் மிதவையில் ஒரு சிறுவன். நாய்க்குக் குச்சி எறிந்து விளையாடுகிறான் இன்னொருவன். கொஞ்ச நேரம் கழித்து நாயைக் காணோம். குச்சி மட்டும் அலையில். யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இடத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று பெரியம்மாவைக் கூப்பிட்டு, அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு ஆகாது, கேட்கவும் இல்லை. குச்சி மிதந்தபோது அவர் கை என் முழங்கையைப் பிடித்தது. பிறகு மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாக, "தம்பி, கரைக்கு வாய்யா. ஏய், வாய்யாங்கிறேன்ல!"

எனக்கு அது போதும்.

வெயிலில் நடக்கிற படம், விளக்கு வெளிச்சத்துக்குக் கெடாது. இரண்டு சுரம், காற்றாடியை மீறிக் கேட்கும். வசனம் பாதி புரியாவிட்டாலும் கதை நிற்காது. ரத்தம் உண்டு, ஒரு படகுக்கு அடியில் தலையும் உண்டு, அதைப் பெற்றோர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முடிவு தெரிந்தவர்களுக்கும் அந்தக் கடற்கரை அதே கடற்கரைதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் பத்து ஃபிரிங்கி போவதாக ஏற்கெனவே திட்டம் இருக்கிறது. யார் யார் முழங்கால் தண்ணீரோடு நின்றுவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

'சைக்கோ' பத்தரை மணிக்கு, ஏழாம் மாடியில் என் வீட்டில், 18 வயது தாண்டியவர்களுக்கு மட்டும், எட்டுப் பேருக்கு மேல் இடம் இல்லை. மூன்றாம் மாடி அண்ணன் வரலாம், வாயைத் திறக்கக் கூடாது.

நடுவில் இடைவேளை பதினைந்து நிமிஷம். அதில் விளக்கை அணைத்துவிட்டு, இல்லாமல்போன அந்த 1957 படத்தைப் பெரியம்மா சொல்லப் போகிறார், பாம்பு கடித்ததிலிருந்து. அதற்கு மட்டும் இரண்டு காற்றாடியையும் நிறுத்திவிடுவோம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிற அறிவிப்பில் தம்பி கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறான்: 'சொந்த விசிறி கொண்டு வரவும். கெரோப்போக் கூடாது.'